31ஆம் இலக்கச் சட்டை

அவுஸ்திரேலியருக்கே உரிய உதைபந்தாட்டம் ஒன்றுண்டு. அதற்குரிய பந்து முட்டை வடிவானது. காலால் உதைக்கலாம், கையிலேந்தியும் ஓடலாம். இவ்வாட்டத்திலே ரொன் பராசி என்றதும் மெல்பேர்ண் மக்கள் புகழ்பெற்ற மகனையே நினைப்பர். நாம் சொல்லப் புகுவதோ அதே பெயர் பூண்ட தந்தையின் வரலாறு.

1936 முதல் 1940 வரை மெல்பேர்ண் கழகத்துக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 58 மாத்திரமே. அணிந்தது 31ஆம் இலக்கச் சட்டை. 1940இல் கழகம் வெற்றி வாகை சூடியது. மறு ஆண்டு யூலை மாதத்தில், வட ஆபிரிக்காவிலே டொப்ரூக் போர்முனையில் அவர் உயிர்நீத்தார். மகனுக்கு அப்பொழுது வயது ஐந்து.

மகன் வளர்ந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. குடியிருக்கும் வட்டாரத்துக்குரிய கழகத்திலேயே ஆட வேண்டும் என்பது அக்கால விதி. அதன்படி அவனுக்கு வாய்த்திருக்கக்கூடியது வேறு கழகம். தந்தை ஆடிய கழகத்தில் மைந்தனும் ஆடலாம் என்னும் விதிவிலக்கு கைகொடுத்தது. தாயார் மறுமணஞ் செய்து தஸ்மேனியாவுக்குச் சென்றபோது, தந்தையின் பழைய தோழரும் கழகப் பயிற்றுநருமான நோர்ம் ஸ்மித் தம் இல்லத்திலே அவனுக்கு இடமளித்தார். விதிவிலக்கினும் இதுவே பெரிதென்பது எம் எண்ணம்.

1953இல் மகன் களம் புகுந்தான். பின்னர் முதுகிலே அதே 31.