எழுபத்தெட்டு இன்னொரு முறை வருமா?

நவம்பர் பிறந்துவிட்டால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் இந்தக் கேள்வி எழாமல் இராது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு அது இன்னும் பலமாகக் கேட்கிறது. வாட்ஸ்அப்பில் உலவும் சிவப்பு வட்டப் படங்கள் "வரும்" என்று அடித்துச் சொல்கின்றன. அவற்றை நம்பி உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வி மட்டும் நல்ல கேள்வி.

வரலாறு சுருக்கமானது. 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புக் கரையில் ஏறிய சூறாவளி, தீவைக் குறுக்கே கடந்து தென் தமிழகம் வரை போனது. இலங்கையில் ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். கிழக்கின் தென்னந்தோப்புகள் சரிந்து கிடந்தன.

வியப்பு என்னவென்றால், இவ்வளவு தெற்கே அத்தனை வேகம் வந்ததுதான்.

ஏன் வியப்பு என்று அறிய, பப்பாசி இலைக் காம்பைக் குழலாக வெட்டி, உள்ளே நூலை விட்டு, நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள். கீழ் நுனியை இழுக்க இழுக்கக் கல் வேகமெடுக்கும். நூல் பாதியானால் வேகம் இரட்டிக்கும். சூறாவளியில் கல்லின் இடத்தில் காற்று. நூலை இழுக்கும் கை, நீராவி மழையாகும்போது வெளிப்படும் வெப்பம். முதல் சுழற்று பூமி தருவது. சுழற்றாத கல்லை இழுத்தால் நேரே வந்து காம்பில் முட்டி நின்றுவிடும். அதுபோல, தாழமுக்கத்தின் பள்ளத்தைக் காற்று அப்படியே நிரப்பிவிட்டால் சூறாவளி பிறக்காது. காம்பின் வாயில் நூல் உராய்வதுகூடப் பொருந்துகிறது: கடல்மேல் உராய்ந்து காற்றும் வேகத்தை இழக்கிறது.

பூமி தரும் அந்தச் சுழற்று துருவத்தில் முழுதாக இருக்கும், பூமத்திய ரேகையில் இல்லவே இல்லை. 7.4 பாகையில் இருக்கும் கல்முனைக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்குதான். உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடலாம். 300 கிலோமீற்றர் தூரத்தில் அசையாமல் நின்ற காற்றை மையத்திலிருந்து 30 கிலோமீற்றர் வரை இழுத்தால், சென்னையின் அகலக்கோட்டில் மணிக்குச் சுமார் 175 கிலோமீற்றர் வேகம் வரும். கல்முனையின் அகலக்கோட்டில் 100. இங்கேயும் 175ஐ எட்ட வேண்டுமானால் சுமார் 400 கிலோமீற்றர் தூரத்திலிருந்து இழுத்து வரவேண்டும். அத்தனை நீளமான நூல் இடையில் அறுபடாமல் கிடைப்பது அரிது. 1978இல் கிடைத்தது. இன்னும் தெற்கே, 1.4 பாகையில் உருவான வாமேய் சூறாவளி 2001 டிசம்பர் 27 அன்று சிங்கப்பூருக்கு அருகே கரையேறியிருக்கிறது. ஆகவே எழுபத்தெட்டு மீண்டும் வரலாம். ஆண்டுதோறும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு காற்றுக்கு மட்டுமே. மந்தமாகச் சுழலும் மேகக் கூட்டமும் தாராளமாக மழை கொட்டும். டித்வாவின் காற்று 1978ஐ நெருங்கவில்லை; அது தீவை விட்டு மெதுவாக நகர்ந்ததால் மலையகம் சரிந்தது. அமெரிக்காவும் 2017இல் ஹார்வி சூறாவளியிடம் இதையே கண்டது. கரையேறிய பின் காற்று தளர்ந்தது, மழை நாட்கணக்கில் டெக்சாஸ் மேலேயே நின்றது. சில இடங்களில் 1,500 மில்லிமீற்றர் பெய்து ஹூஸ்டன் மூழ்கியது.

2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றபோது, வங்கக் கடலில் இருந்தது வெறும் தாழமுக்கம். அது ஃபெஞ்சல் என்ற பெயரைப் பெற்றது 29ஆம் திகதி. அதற்குள் பிள்ளைகள் சிலர் இறந்துபோயிருந்தார்கள்.

எனவே மாரியில் சூறாவளிக்குப் பெயர் வந்துவிட்டதா, எத்தனையாம் தரம் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எத்தனை மில்லிமீற்றர் மழை என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்வதைக் கேளுங்கள். வீதிக்கு மேல் நீர் பாயத் தொடங்கினால் எந்த வாகனத்திலும் பிள்ளைகளை ஏற்றி அனுப்பாதீர்கள்.