பின்பக்கத்தில் எழுதிய காற்று

மரம், ஆறு, குடிசை எல்லாம் அச்சு அசலாக இருந்தும் சில இயற்கைக் காட்சி ஓவியங்கள் ஏன் உயிரில்லாமல் கிடக்கின்றன என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் குற்றவாளி வானம்தான். மரத்துக்குக் காலை வெயில், மேகத்துக்கு மாலை வெயில் என்று வரைந்துவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சு வந்தால் நான் ஓவியர் ஜான் கான்ஸ்டபிளிடம்தான் போய் நிற்பேன். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் மாவாலை வைத்திருந்தவரின் மகன். இளமையில் அப்பாவின் காற்றாலையில் வேலை பார்த்தவர். என் மாமா செங்கல் சூளை நடத்தினார். பச்சைக்கல் களத்தில் காயும் நாட்களில் அவர் வானத்தைப் பார்க்கும் பார்வையே தனி. கான்ஸ்டபிளின் கண்ணும் பிழைப்புக்காகப் பழகிய கண்.

1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தை மட்டுமே வரைந்து தள்ளினார். சின்னத் தாள், எண்ணெய் வண்ணம். மேகம் கலைவதற்குள் முடித்தாக வேண்டும். சிலவற்றில் ஒரு மரக்கிளைகூடக் கிடையாது. அந்தப் படங்களைவிட அவற்றின் பின்பக்கம்தான் எனக்குப் பிடிக்கும். தேதி, மணி, பார்த்த திசை, காற்று என்று எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் 1822 செப்டம்பர் 5, காலை 10 மணி, தென்கிழக்குப் பார்வை, பலத்த மேற்குக் காற்று, விரைந்தோடும் சாம்பல் மேகங்கள்.

இவ்வளவு கணக்கு எதற்கு? அந்த மணிக்கு அந்தத் திசையில் பார்த்தால் சூரியன் ஏறக்குறைய எதிரே இருக்கும். மேகத்தின் விளிம்பு பளீரென்று எரியும், வயிறு கறுக்கும். அதே மேகம் முதுகுப்புறம் வெயில் விழும் திசையில் இருந்தால் வெள்ளை வெளேரென்று தெரியும். அடிவானத்தை நெருங்க நெருங்க ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் வெண்மை மங்கி மஞ்சளிக்கும். ஜான் தோர்ன்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் பிற்காலத்தில் இந்தக் குறிப்புகளை அக்கால வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டே பார்த்திருக்கிறார்.

இப்போது செல்போனில் ஒரு தட்டு தட்டினால் வெளிறிய வானம் போய் அந்திச் செவ்வானம் வந்துவிடுகிறது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் நிழல் உச்சிவெயிலில் விழுந்ததுபோலக் காலடியில் குட்டையாக ஒடுங்கியிருக்க, அவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் அஸ்தமிக்கிறது! யாரும் கண்டுகொள்வதில்லை. ஓவிய வகுப்புகளாவது பிள்ளைகளை அவ்வப்போது மொட்டை மாடிக்கு அனுப்பலாம்.

லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனால் கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’யைத் தேடிப் பாருங்கள். வண்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மேகம். 1821இல் காட்சிக்கு வந்தபோது அதன் தலைப்பிலும் வண்டி கிடையாது. ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்.