தன் குரலைத் தான் கேட்டல்

1965ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 15ஆம் நாள், நியூயோர்க் நகரில் அன்றிருந்த ஷே விளையாட்டரங்கில், பீற்றில்ஸ் என்னும் ஆங்கிலேய இசைக்குழுவினர் பாடினர். கேட்க வந்தோர் ஏறத்தாழ 55,600 பேர். அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தில் பாடியோரின் குரல் பாடியோருக்கே கேட்கவில்லை. முரசடித்த றிங்கோ ஸ்ரார், தமக்கு முன்னே நின்ற தோழர்களின் உடலசைவைப் பார்த்தே பாடல் எவ்விடத்திற் செல்கின்றது என்று ஊகித்து வாசிக்க வேண்டியிருந்தது. செவி செய்யவேண்டிய தொழிலைக் கண் செய்தது எனலாம்.

பாடுபவன் தன் குரலைத் தான் கேளாவிடின் நேர்வது யாது? முதலிற் சுருதி பிசகும். பின்னர் குரலை உரத்து எழுப்புவான். ஈற்றில் தொண்டை கட்டும். இக்குறையைப் போக்கவே, அவையோரை நோக்கியுள்ள ஒலிபெருக்கிகளுக்குப் புறம்பாக, பாடுவோரை நோக்கியும் சிறிய ஒலிபெருக்கிகள் மேடைத் தரையிற் சாய்வாக வைக்கப்படுகின்றன. இவற்றை மொனிற்றர் என்பர். இக்காலத்திற் செவிக்குள்ளேயே பொருத்தும் சிறு மொனிற்றர்களும் வழக்கில் உள்ளன.

ஆயினும், ஒரு துன்பத்தைப் போக்க வந்த கருவி வேறொரு துன்பத்தை உடன் கொணர்ந்தது. பாடகனின் குரல் ஒலிவாங்கியிற் புகுந்து, பெருக்கியினூடாகச் சென்று, மொனிற்றரில் வெளிப்படுகின்றது. அவ்வொலியில் ஒரு பகுதி மீண்டும் அதே ஒலிவாங்கியிற் புகுகின்றது. இவ்வாறு ஒரு சுற்றுச் சுற்றி வரும் ஒலி, புறப்பட்ட அளவிற் குறையாது திரும்புமாயின், சுற்றுக்குச் சுற்று வளர்ந்து பெருங் கூச்சலாகி விடும். மேடைகளிற் கேட்கும் ஊளையொலி இதுவே. டென்மார்க்கு நாட்டுப் பௌதிகவியலாளர் சோரன் லார்சன் என்பாரின் பெயரால் இதனை லார்சன் விளைவு என்றும் வழங்குவர்.

இதனை அடக்குதற்கு முதற் கருவி மின்கருவி அன்று. இடமறிந்து வைத்தலே ஆகும். பாடகர் கையாளும் ஒலிவாங்கிகள் பல, முன்புறத்து ஒலியை நன்கு வாங்கிப் பின்புறத்து ஒலியைப் பெரிதும் தள்ளுவன. கார்டியொயிட் வகையின் செவிட்டுப் பக்கம் நேர் பின்புறமாகும். ஆகவே மொனிற்றரை அதன் வாற்புறத்துக்கு நேரே வைத்தல் வேண்டும். சூப்பர்கார்டியொயிட் வகையின் செவிட்டுப் பக்கமோ பின்புறத்தில் இருமருங்கும் சாய்ந்திருக்கும். அதற்கு மொனிற்றர்களைச் சற்றுப் பக்கங்களுக்கு விலக்கி வைத்தல் தகும். ஊளையொலி எழுந்தவுடன் சிலர் ஒலிவாங்கியின் தலையைக் கையாற் பொத்துவர். பொத்தியவுடன் அது திசையறியும் ஆற்றலை இழந்து எப்புறத்து ஒலியையும் வாங்கத் தொடங்குமாதலால், தீமை தணியாது மிகும். மேலும், திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் தொகை இருமடங்காகுந்தோறும், ஊளைக்கு முன் எய்தக்கூடிய ஒலியளவு ஏறத்தாழ 3 டெசிபெல் குறையும். எனவே வேண்டாதவற்றை மூடிவைத்தலும் ஒரு மருந்தே.

இவையெல்லாம் செய்த பின்னரே ஒலியைச் செப்பனிடும் கருவிகளுக்கு இடமுண்டு. அவற்றுள் தலையாயது ஈக்குவலைசர். இது ஒலியை மீடிறன் வாரியாகப் பிரித்து, வேண்டிய பகுதியைக் கூட்டவும் குறைக்கவும் இடந்தருவது. மேடைத் தொழிலுக்கு 31 பகுதிகளாகப் பிரிக்கும் வகையைப் பெரிதும் கொள்வர். அதனைப் பொருத்தும் முறை இது: எல்லாப் பகுதிகளையும் சமநிலையில் வைத்து, ஆள் ஒருவரை ஒலிவாங்கிக்கு முன் நிறுத்தி, ஒலியளவை மெல்ல உயர்த்துக. ஓரிடத்தில் மணி அதிர்ந்தாற்போல ஒரு முரல்வு தொடங்கும். அந்த மீடிறனைக் கண்டு, அதனை மட்டும் 3 முதல் 6 டெசிபெல் வரை குறைத்து, மீண்டும் உயர்த்துக. இவ்வாறு மூன்று நான்கு இடங்களைக் குறைத்த பின் நிறுத்துதல் நன்று. பத்துப் பன்னிரண்டு இடங்களைக் குறைப்பவர், உண்மையில் ஒலியளவு முழுவதையும் குறைத்து, குரலின் இனிமையையும் கெடுத்தவராவர். குரலுக்கு உதவாத, ஏறத்தாழ 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட முழக்கத்தை வடிகட்டி நீக்குதலும் நன்மை தரும்.

கொம்பிறெசர் என்னும் கருவி உரத்த ஒலியை அடக்கி மெல்லொலியோடு சமன்செய்வது. அவையோர் கேட்கும் ஒலிக்கு அது அழகு தரும். தரை மொனிற்றரிலோ ஆபத்தை விளைவிக்கும். அடக்கிய அளவை ஈடுசெய்ய ஒலி உயர்த்தப்படுமாதலின், பாடகன் வாய்மூடி நிற்கும் வேளையிலேயே சுற்று மிக உயர்ந்து ஊளையிட ஆயத்தமாகின்றது. அன்றியும், உரத்துப் பாடினும் உரத்துக் கேளாமையால், பாடகன் மேலும் மேலும் தொண்டையை வருத்துவான். ஆகவே குரலுக்கு அதனைத் தவிர்த்தலோ மிகச் சிறிதளவே கொள்ளுதலோ தக்கது.

கருவியைத் தெரிவு செய்கையில் மறக்கப்படுவது காலத் தாழ்வு. ஒலி வளியில் ஒரு மீற்றர் செல்ல ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் கொள்ளும். எண்முறைக் கருவி ஒவ்வொன்றும் தன் பங்கிற்குச் சிறிது தாழ்வைச் சேர்க்கும். பாடகனின் குரலோ மண்டையோட்டு எலும்பின் வழியே உடனடியாக அவன் செவியை எட்டுகின்றது. செவிக்குள் வைத்த மொனிற்றரில் அதே குரல் சில மில்லிசெக்கன் பிந்தி வருமாயின், இரண்டும் மோதிச் சில மீடிறன்களை அழிக்கும்; குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலத் தோன்றும். எனவே பல பெட்டிகளைச் சங்கிலிபோல இணைப்பதினும், தாழ்வு குறைந்த ஒன்றைக் கொள்ளுதலே மேல்.

கட்டாயமாக வேண்டிய கருவி ஒன்றுண்டு: அது லிமிற்றர். குறித்த எல்லைக்கு மேல் ஒலி செல்லாது தடுப்பது அதன் கடன். கீழே விழுந்த ஓர் ஒலிவாங்கியின் அதிர்ச்சி, செவிக்குள் மொனிற்றர் அணிந்தவரைக் கணப்பொழுதிற் புண்படுத்த வல்லது. அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அக்காலம் பாதியாகும். அவ்வாறு கணக்கிடின் 100 டெசிபெலுக்குக் கிடைப்பது 15 நிமிடமே. உட்செவியில் அழிந்த நுண்மயிர்க் கலங்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

ஆதலின், “என் குரல் கேட்கவில்லை, கூட்டுங்கள்” என்று பாடகர் கேட்கும்போது, அறிவுள்ள ஒலியமைப்பாளர் முதலிற் செய்வது கூட்டுதல் அன்று. அவருடைய மொனிற்றரில் முழங்கும் மிருதங்கத்தையோ கித்தாரையோ சற்றுக் குறைத்தலே. கச்சேரி பாடுவோருக்கு வேண்டுவது தம் குரலும் சுருதியும், தாளத்தின் ஒரு சாயலும். அவையோர் கேட்பதனைத்தும் அன்று. கருவிகளின் விலையினால் நல்ல மேடை அமைவதில்லை. வேண்டாததைக் கழிக்கத் தெரிந்தவனின் கையில் எளிய கருவியும் பாடகனின் தொண்டையைக் காக்கும், செவியையும் காக்கும்.