பாபிலோன் கோபுரம்: ஒரு முதற்கதையின் கட்டுக்கோப்பு

அமெரிக்கச் சிறுகதையாசிரியர் டெட் சியாங் 1990ஆம் ஆண்டில் ‘ஆம்னி’ இதழில் வெளியிட்ட ‘பாபிலோன் கோபுரம்’, அச்சேறிய அவர்தம் முதற்கதையாகும். அவ்வாண்டிற்குரிய நெபுலா பரிசினை நெடுஞ்சிறுகதைப் பிரிவில் அதுவே பெற்றது. அறிவியற் புனைகதையினைப் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோர் இதன் கட்டுக்கோப்பினை ஊன்றி நோக்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.

விவிலியத்தின் தொடக்க நூலில் வரும் கோபுரமே இதற்குக் கரு. ஆண்டு இறைவன் மாந்தர்தம் மொழியைக் குழப்பிப் பணியை நிறுத்துகின்றான். சியாங்கின் கதையிலோ இறைவன் குறுக்கிடுவதில்லை, மொழியும் குழம்பவில்லை. கோபுரம் வானத்தை எட்டிவிடுகின்றது. வானமோ கருங்கற் கூரை. அதனைக் குடைதற்கு ஏலாம் நாட்டுச் சுரங்கத் தொழிலாளனாகிய ஹில்லாலும் என்பான் வருகின்றான். (ஈற்றிலுள்ள ‘உம்’ இடைச்சொல் அன்று, பெயரின் பகுதியே.)

நம் அணிநூலார் இல்பொருளுவமை என ஒன்று கூறுவர். உலகில் இல்லாத பொருளை ஒப்புமைக்கெனப் படைப்பது அது. ஒப்புமை முடிந்ததும் அப்பொருள் மறையும். அஃது எங்ஙனம் இயங்கும் என எவரும் வினவுவதில்லை. சியாங் அவ்வினாவையே எழுப்புகின்றார். கோபுரத்தின் உச்சியை அடைய, வெறுங்கையோடு ஏறுவார்க்கு ஒன்றரைத் திங்கள். செங்கல் வண்டி இழுப்பார்க்கு நான்கு திங்கள். ஆதலின் கோபுரத்திலேயே குடியிருந்து காய்கறி பயிரிடுவோர் உளர். கதிரவன் செல்லும் பாதைக்கு மேலே ஒளி கீழிருந்து வருதலின், செடிகளும் கீழ்நோக்கி வளைகின்றன. பொய்யுலகு ஒன்றனை முதற்கண் ஒப்புக்கொண்டு, பின்னர் ஒரு பொய்யும் கூறாமை என இதனைச் சுட்டலாம். இது வெறுங்கற்பனையே, அறிவியற் புனைகதை அன்று என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. முடிபுகள் பழையன எனினும், ஆராயும் நெறி அறிவியலுக்குரியதே.

முடிவும் அந்நெறியிலேயே அமைகின்றது. குடைந்த கூரையிலிருந்து வெள்ளம் பாய்கின்றது. அதில் மேல்நோக்கி நீந்திய ஹில்லாலும் ஒரு குகையின் வழியே வெளிப்பட்டுக் காண்பது, தான் புறப்பட்ட சினார் நிலத்தையே! மெசொப்பொத்தேமியர் களிமண்ணில் உருட்டிப் பதித்த உருளை முத்திரையினை அவன் எண்ணுகின்றான். பதிவில் இரு கோடியில் நிற்கும் உருவங்கள் உருளையில் அருகருகே நிற்பன. வானும் மண்ணும் அத்தகையனவே. அம்மக்களின் அன்றாடக் கைப்பொருளே அவர்தம் அண்டத்தின் வடிவினை விளக்கிவிடுகின்றது. வெளியிலிருந்து ஒரு கருத்தும் இரவல் பெறப்படவில்லை.

குறையும் ஒன்றுண்டு. ஹில்லாலுமின் கண்கள் காண்பனவெல்லாம் நாம் அறிகின்றோம். அவன் நெஞ்சினை அத்துணை அறிந்தோமல்லேம். தாயொருத்தி தன் மகளை நோக்கிப் பேசுவதாக 1998இல் சியாங் எழுதிய ‘உன் வாழ்க்கையின் கதை’யில் இக்குறை இல்லை.