எச்.ஐ.வி.யும் மூளை நலமும்: மறதியை மறைக்க வேண்டாம்

எச்.ஐ.வி. தொற்று நோய் எதிர்ப்பாற்றலை மட்டுமே பாதிக்கும் எனப் பலரும் எண்ணுகின்றனர். ஆனால் தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே அக்கிருமி மூளையையும் சென்றடைகிறது.

1928இல் காசநோய்க்கெனத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம், 1993 முதல் எச்.ஐ.வி. தொற்றுடையோருக்கும் சிகிச்சை அளித்து வருகிறது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து முதன்முதலில் வழங்கப்பட்ட மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. இம்மருந்தின் பயனால் கடுமையான மறதிநோய் இன்று அரிதாகிவிட்டது. எனினும் இலேசான பாதிப்புகள் தொடர்கின்றன.

அவற்றை எவ்வாறு அறிவது?

மாத்திரை உட்கொண்டோமா என்பதே நினைவில் நில்லாமை, கணக்கில் தடுமாற்றம், அனகாபுத்தூர்த் தறிகளில் பழகிய கைக்கும் வேலை பிடிபடாமை, உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியன அறிகுறிகள். குடும்பத்தார் இவற்றைச் சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ கடிந்துகொள்வதுண்டு. அதனால் நோயாளி மேலும் ஒடுங்குகிறார், மாத்திரை தவறுகிறது, கிருமி மீண்டும் பெருகுகிறது. கண்டிப்பைவிடப் பரிசோதனையே இங்குத் தேவை.

மறதிக்குக் கிருமி மட்டுமே காரணமன்று. மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மதுப்பழக்கம் ஆகியனவும் காரணமாகலாம். இவை சிகிச்சைக்கு உட்பட்டவையே. எபாவிரென்ஸ் மருந்தால் கெட்ட கனவுகளும், டோலுடெகிராவிர் மருந்தால் உறக்கக் குறைவும் சிலருக்கு நேரலாம். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. மருத்துவரிடம் கூறினால் மாற்று வழி உண்டு. வலிப்புக்கோ மனநலத்துக்கோ வேறு மருந்து உட்கொள்வோர் அதனையும் தெரிவிக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டியவை

நீங்காத தலைவலியுடன் காய்ச்சல், வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, திடீர்க் குழப்பம். காசநோய் மூளைக்காய்ச்சல், பூஞ்சைத் தொற்று போன்றவை இவ்வாறு வெளிப்படலாம். சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழுள்ளோர் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

குடும்பத்தாருக்கு

நாள்வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டியும் கைப்பேசி அலாரமும் பெரிதும் உதவும். மருத்துவரைக் காண வரும்போது உடன் வாருங்கள். நோயாளி சொல்ல மறப்பதை நீங்கள் சொல்லலாம். வாழ்வில் பிடிப்பில்லை என்று அவர் கூறினால் தனியே விடாதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். எச்.ஐ.வி. குறித்த ஐயங்களுக்கு 1097 உள்ளது.

அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவரோ என்ற அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளியின் தொற்று விவரத்தை மறைவாகக் காப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி எங்கள் கடமை. அடுத்த முறை மாத்திரை பெற வரும்போது, மறதியையும் மனச்சோர்வையும் எங்களிடம் தயங்காமல் கூறுங்கள்.