ஒளிகிற மீனுக்கு அவகாசம் கொடுங்கள்

மாதவரத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் கொளத்தூர், வண்ணமீன் வியாபாரத்துக்கு நாடறிந்த இடம். அங்கிருந்து ஆக்சிஜன் அடைத்த கவரில் மீன் வாங்கி வந்தவர்கள் மறுநாளே கவலைப்படத் தொடங்குவார்கள்: “கல்லுக்குப் பின்னாலேயே நிக்குது, சாப்பிடவே மாட்டேங்குது.” வாங்கியது ஏஞ்சல், ஆஸ்கர் போன்ற சிக்லிட் என்றால் பெரும்பாலும் அது நோயல்ல, பயம்.

சிக்லிட் குடும்பம் நமக்குப் புதிதல்ல. குழம்பில் கொதிக்கும் ஜிலேபி கெண்டையும் அதைச் சேர்ந்ததுதான். ஆப்பிரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட அது 1952இல் இந்தியாவுக்கு வந்தது. நம் கழிமுகங்களுக்கே உரிய சிக்லிட்டும் உண்டு: ஆரஞ்சு குரோமைடு. உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் உடல், விலாவில் கரும்பொட்டு.

இவை எல்லை வகுத்து வாழும் மீன்கள். புதுத் தொட்டியில் தன் இடம் எது, எதிரி யார் என்று தெரியும்வரை துடுப்பை ஒடுக்கி, நிறம் வெளிறி ஓரமாக நிற்கும். உடலின் பக்கக்கோட்டு உறுப்பு நீரின் சின்ன அதிர்வையும் உணரும் என்பதால், கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டால் பயம் கூடும். முதல் நாள் விளக்கை அணைத்துவிடுங்கள். கல், மண்சட்டி வைத்து ஒளிய இடம் கொடுங்கள். மேல்மட்டத்தில் ஜீப்ரா டேனியோ கூட்டம் பயமின்றித் திரிந்தால், அதைப் பார்த்தே மற்றதும் மெல்ல வெளியே வரும். ஆஸ்கரோடு மட்டும் சேர்க்காதீர்கள், விழுங்கிவிடும்.

மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது வேறு விஷயம், தண்ணீரைச் சோதியுங்கள். குழாய்நீரின் குளோரினை நீக்க வேண்டும். அமோனியாவை மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும்.

பழகிய சிக்லிட் சாப்பிடுவதைக் கிட்டத்தில் பாருங்கள். தீனியை வாயில் வாங்கும், துப்பும், மறுபடி வாங்கும். தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடைதான் அரைக்கிறது. ஆரஞ்சு குரோமைடில் தாயும் தகப்பனும் சேர்ந்தே முட்டையைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோர் உடலின் வழவழப்பைக் கொத்தித் தின்னும். ஒரு மீன் குடும்பம் நடத்துவதை இத்தனை அருகில் காட்டும் உயிர் வீட்டுத் தொட்டியில் அபூர்வம்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ரெட்டேரியிலோ மாதவரம் ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். வெளியூர் சிக்லிட் பெருகினால் நாட்டு மீனுக்கு இடமிருக்காது.