வேர் பிடித்துப் படித்த காலம்

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆசைப்பட்ட அந்தக்கால இன்ஜினியரிங் மாணவர் எவருக்கும் ‘அபேஸ்’ என்றால் என்னவென்று தெரியும். நம்மூர் அபேஸ் இல்லை. தாழ்த்துதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஜிஆர்இ தேர்வுக்கான பேரன்ஸ் புத்தகத்தின் சொற்பட்டியல் அதில்தான் தொடங்கும். 3,500 சொற்கள், 50 பட்டியல்கள். ‘ஏ’ வரிசையில் எல்லோரும் புலிகள். ‘டி’யைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் பழைய பிரதி வாங்கினால், முன்பு வைத்திருந்தவரின் பென்சில் கோடுகள் சில பட்டியல்களோடு நின்றுபோயிருக்கும்.

இந்த நெட்டுருவுக்கு மாற்றுவழியாக வந்ததுதான் ‘ரூட் வேர்ட்ஸ்’. நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ இந்தியாவில் இன்றும் நடைபாதை வரை கிடைக்கிறது. சொல்லைத் தனியாகப் படிக்காதே, அதன் லத்தீன், கிரேக்க வேரைப் பிடி, குடும்பமே கூட வரும் என்பது அவருடைய பாடம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிரவுன் இன்னும் சுருக்கினார். பதினான்கே சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வேர்களும் முன்னொட்டுகளும் தெரிந்தால் 14,000 சொற்களுக்கு மேல் பிடிபடும் என்றார்.

வேலை செய்யும் விதத்தை ஒரு வேரில் பார்த்துவிடலாம். ‘வெர்ட்’ என்றால் திரும்புதல். இன்ட்ரோவெர்ட் உள்ளே திரும்பியவர், எக்ஸ்ட்ரோவெர்ட் வெளியே திரும்பியவர். தலை சுற்றினால் வெர்டிகோ. வருடம் திரும்பி வந்தால் அனிவர்சரி. ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டால் டைவர்ஸ். கல்யாண நாளும் விவாகரத்தும் ஒரே வேரில் முளைத்தவை என்று ஒருமுறை கேட்டவருக்கு ஆயுசுக்கும் மறக்காது. தேர்வில் ‘இனட்வர்டன்ட்’ என்று முன்பின் பார்க்காத சொல் வந்தாலும், ‘அதன் பக்கம் திரும்பாமல்’, அதாவது கவனிக்காமல் செய்தது என்று ஊகித்துவிடலாம்.

லத்தீன் ஆங்கிலத்துக்குள் எப்படி வந்தது? 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு வழியாகவும், பின்னர் அறிஞர்களின் எழுத்து வழியாகவும் லத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் குவிந்தன. வீட்டுப் பேச்சில் குறைவு. கோர்ட்டிலும் கல்லூரியிலும் கட்டுரையிலும் அதிகம். கடினமான சொல்லைத் தேடும் வினாத்தாள் அந்தப் பக்கம்தானே கைவைக்கும்? 1900 வாக்கில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் லத்தீன் படித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அதைக் கட்டாயத் தகுதியாக வைத்திருந்து 1960இல்தான் கைவிட்டன. மொழி வகுப்பறையை விட்டுப் போனது. அதன் வேர்கள் மட்டும் கோச்சிங் நோட்டுக்குள் குடியேறின.

இந்த முறையில் வழுக்கும் இடங்களும் உண்டு. ‘பெடஸ்ட்ரியன்’ நடந்து போகிறவர்; ‘பீடியாட்ரிஷன்’ குழந்தை மருத்துவர். முன்னது பாதத்தைக் குறிக்கும் லத்தீன், பின்னது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கம். எழுத்தில் மட்டும் இரட்டைப் பிள்ளைகள். ‘எனர்வேட்’ என்பது எனர்ஜி போல ஒலிக்கும். பொருளோ பலத்தை உறிஞ்சிவிடுவது. ‘நாய்சம்’ என்றால் துர்நாற்றம் வீசுவது; இரைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்குப் பிடித்தமான சொற்கள் இவை.

அன்றைய தேர்வு சொல்லைத் தனியாக நிறுத்திக் கேட்டது: எதிர்ச்சொல் எது, ஒப்புமை எது. அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கான எஸ்ஏடி தேர்வின் ஒப்புமைக் கேள்வி ஒன்று இன்றுவரை பேசப்படுகிறது. ஓட்டக்காரருக்கு மாரத்தான் என்றால், துடுப்பு வலிப்பவருக்கு என்ன? விடை ‘ரெகாட்டா’, படகுப் பந்தயம். வெனிஸிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு எந்த லத்தீன் வேரும் துணைக்கு வராது. படகு கிளப் பார்த்து வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு அது விளையாட்டு, மற்றவர்களுக்குப் புதிர்.

2001இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் அட்கின்சன், எஸ்ஏடியின் முதன்மைத் தேர்வை அனுமதிக்கு இனிக் கேட்க வேண்டாம் என்று முன்மொழிந்தார். வசதியான ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒப்புமைக் கேள்விகளுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக அந்த உரையில் சொன்னார். 2005இல் எஸ்ஏடியிலிருந்து ஒப்புமைகள் நீங்கின. 2011இல் ஜிஆர்இ எதிர்ச்சொல்லையும் ஒப்புமையையும் ஒருசேர விட்டது. 2016இல் எஸ்ஏடி அரிய சொற்களையே பெரும்பாலும் ஓரங்கட்டி, பத்திக்குள் ஒரு சொல் என்ன பொருளில் வருகிறது என்று கேட்கத் தொடங்கியது.

ஜிஆர்இ மொழிப்பகுதியில் இப்போது 27 கேள்விகள், 41 நிமிடம். கோடிட்ட இடத்தை நிரப்புவதும் வாசித்துப் புரிவதும்தான் வேலை. சொல் தெரிந்தால் போதாது. ‘ஆனாலும்’ என்று வாக்கியம் எங்கே திரும்புகிறது என்று பிடிக்க வேண்டும். பேரன்ஸ் இருந்த இடத்தில் கைபேசி உட்கார்ந்திருக்கிறது. மறந்த சொல்லை நாள் கணக்குப் பார்த்து மறுபடி நீட்டும் அட்டைகள் அதற்குள் வந்துவிட்டன. ஒரு வேரின் குடும்பத்தைக் கேட்டால் செயற்கை நுண்ணறிவு நொடியில் பட்டியல் போடும்.

நம் நாட்டின் அரசு வேலைத் தேர்வுகளில் கதை வேறு. எஸ்எஸ்சி தேர்வில் தொடருக்கு ஒரு சொல், எதிர்ச்சொல், ஒத்த சொல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ‘சைட்’ என்றால் கொலை என்று தெரிந்தவருக்கு அரசனைக் கொன்றது ரெஜிசைட், சகோதரனைக் கொன்றது ஃப்ராட்ரிசைட், இனத்தையே அழித்தது ஜெனோசைட் என்று மதிப்பெண் விழும். டெலிகிராம் குழுக்களில் ‘தி இந்து’ தலையங்கச் சொற்கள் தினமும் பிடிஎஃப் ஆக வருகின்றன. தலையங்கத்தைப் படிக்காமல் அந்தப் பட்டியலை மட்டும் படிப்பவர்களும் உண்டு!

மனப்பாடம் ஒழிந்தது நல்லதுதான் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி சம்மதம். சொற்களைப் பொருள் தெரியாத சடங்காக உருப்போட்டது வீண்தான். ஆனால் வீட்டில் ஓர் ஆங்கிலப் புத்தகம்கூட இல்லாத தமிழ்வழி மாணவனுக்கு அந்தப் பட்டியலில் ஒரு நியாயம் இருந்தது. அதற்கு ஓர் எல்லை தெரிந்தது. பழைய புத்தகமும் சில மாத உழைப்பும் இருந்தால் எட்டிவிடலாம். வாசிப்புக்கு அப்படி எல்லை கிடையாது. பத்து வருடமாகக் கதையும் கட்டுரையும் படித்து வந்த பிள்ளைக்குப் பத்தி பார்த்த மாத்திரத்தில் பிடிபடும். அதை மூன்று மாத கிராஷ் கோர்ஸில் ஈடுகட்ட முடியாது. ரெகாட்டா போனதால் களம் சமமாகிவிடவில்லை. வசதியின் பங்கு இன்னொரு வடிவத்தில் தொடர்கிறது.

வேர்களுக்கு இன்றும் இடம் உண்டு, வரிசைதான் மாறியிருக்கிறது. அன்று வேரைப் படித்துவிட்டுச் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். இன்று வாசிப்பில் சொல்லைச் சந்தித்தபின் வேரைப் பார்ப்பதே பலன் தரும். சொல் நழுவாமல் அது பிடித்துவைக்கும். அந்த வேர்களைக் கோச்சிங் சென்டர் ஒரு மாதத்தில் சொல்லித் தந்துவிடும். அதற்கு முன்னால் வேண்டிய பத்து வருட வாசிப்பைப் பள்ளி நூலகம்தான் தர முடியும். அந்த அலமாரியின் பூட்டை ஆறாம் வகுப்பிலேயே திறக்காவிட்டால், புதிய தேர்வு பழையதைவிட நியாயமானது என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.